ஐ.டி. ஹெல்ப் டெஸ்க் நேர்காணல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஓ.எம்.ஆர்., அம்பத்தூர், கோவை சரவணம்பட்டி போன்ற இடங்களில் உள்ள நிறுவனங்களின் ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், குறிப்பாக முதல் வேலை தேடும் பட்டதாரிகள், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. எழுதுபவர் மேசையின் மறுபுறம் அமர்ந்து கேள்வி கேட்பவர். ஆகவே சில இடங்களில் அந்தப் பக்கத்துச் சார்பு தெரியக்கூடும்.

கேள்வி: ஹெல்ப் டெஸ்க், சர்வீஸ் டெஸ்க், டெஸ்க்டாப் சப்போர்ட் ஆகிய மூன்றும் ஒரே வேலைதானா?

விளம்பரங்களில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் என்பதால் பெயரை வைத்து முடிவு செய்ய இயலாது. பொதுவாக ஹெல்ப் டெஸ்க் அல்லது சர்வீஸ் டெஸ்க் என்றால் தொலைபேசி, சாட், மின்னஞ்சல் வழியாக வரும் புகார்களை டிக்கெட்டாகப் பதிந்து, ரிமோட் மூலம் தீர்க்கக்கூடியதைத் தீர்த்து, மற்றதை அடுத்த நிலைக்கு அனுப்பும் எல்-1 (முதல் நிலை) பணி. டெஸ்க்டாப் சப்போர்ட் என்றால் பயனரின் இருக்கைக்கே நேரில் சென்று லேப்டாப், பிரிண்டர், நெட்வொர்க் கேபிள் ஆகியவற்றைப் பார்க்கும் பணி. விளம்பரத்தில் 'வாய்ஸ்' என்ற சொல் இருந்தால் நாளின் பெரும்பகுதி ஹெட்செட்டுடன் கழியும் என்று புரிந்துகொள்ளுங்கள். எச்.ஆர். முதல் முறை அழைக்கும்போதே "இது வாய்ஸா, சாட்டா, ஆன்சைட்டா?" என்று கேட்டுவிடுவது நல்லது. நேர்காணலுக்கு எப்படித் தயாராக வேண்டும் என்பது அதைப் பொறுத்தே அமையும்.

கேள்வி: பொறியியல் பட்டம் கட்டாயமா? அரியர் வைத்து முடித்தவர்கள், படிப்புக்குப் பின் இடைவெளி உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாமா?

கட்டாயமில்லை. பி.எஸ்சி., பி.சி.ஏ., பி.காம்., டிப்ளமோ முடித்தவர்களும் இந்த வேலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நடப்பு அரியர் இருந்தால் சில நிறுவனங்கள் முதல் சல்லடையிலேயே விலக்கிவிடும். எழுதித் தேறிய பழைய அரியரைப் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. இடைவெளி இருந்தால் காரணத்தை ஒரே வாக்கியத்தில் உள்ளபடி சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள். போட்டித் தேர்வுக்குப் படித்தேன், வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லை என்பவையெல்லாம் தாராளமாகச் சொல்லக்கூடிய காரணங்களே. கேட்பவருக்கு வேண்டியது ஒரு பதில் மட்டும். அதற்கு மேல் நீங்களாக நீட்டினால்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.

கேள்வி: மொத்தம் எத்தனை சுற்றுகள் இருக்கும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வழக்கமாக எச்.ஆர். சுற்று, ஆங்கிலப் பேச்சுத் தேர்வு, தொழில்நுட்பச் சுற்று, செயல்பாட்டு மேலாளருடன் ஓர் உரையாடல் என்ற வரிசையில் நடக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக ஆள் எடுத்தால் கடைசியில் கிளையன்ட் சுற்று ஒன்றும் சேரும். வாக்-இன் நேர்காணல் என்றால் எல்லாம் ஒரே நாளில் முடியலாம், மாலை வரை காத்திருக்கவும் நேரலாம்; சாப்பாடு, தண்ணீர், ரெஸ்யூமேயின் கூடுதல் நகல்கள், அடையாள அட்டை ஆகியவற்றுடன் செல்லுங்கள்.

கேள்வி: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எதில் தொடங்குவது?

அப்பா பெயர், ஊர், பொழுதுபோக்கு என்று தொடங்கும் மனப்பாடப் பத்தியைத் தவிர்த்துவிடுங்கள். பயிற்சி மையங்கள் கற்றுத் தரும் அந்தப் பத்தியை ஒரே நாளில் பலமுறை கேட்டிருப்போம். படிப்பை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, கணினிப் பழுதை நீங்கள் உண்மையாகவே கையாண்ட ஏதேனும் ஓர் அனுபவத்துக்கு வந்துவிடுங்கள். கல்லூரி ஆய்வகத்தில் வரிசையாகப் பழுதான கணினிகளை மீண்டும் இயங்க வைத்தது, பிரவுசிங் சென்டரில் பகுதி நேரமாக வேலை செய்தது, தெருவில் உள்ளவர்களின் வைஃபை ரூட்டரை அமைத்துக் கொடுத்தது என எதுவானாலும் சரி. அதிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும். உங்களுக்குத் தெரிந்த களத்துக்குக் கேட்பவரை நீங்களே அழைத்து வந்துவிடுகிறீர்கள்.

கேள்வி: தொழில்நுட்பச் சுற்றில் எப்படிப்பட்ட கேள்விகள் வரும்? இணையத்தில் கிடைக்கும் 'நூறு கேள்விகள்' பட்டியலைப் படித்தால் போதுமா?

போதாது. ஐ.பி. முகவரி என்றால் என்ன, இணையதளப் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். எந்தப் போர்ட்டில் இயங்குகிறது, அவுட்லுக் மின்னஞ்சலின் ஓ.எஸ்.டி. கோப்புக்கும் பி.எஸ்.டி. கோப்புக்கும் என்ன வேறுபாடு என்பவை கேட்கப்படுவது உண்மைதான். பதில் தெரிந்திருக்கவும் வேண்டும். ஆனால் அவை முதல் ஐந்து நிமிடங்களுக்கான கேள்விகள். அதன்பின் ஒரு சூழலைச் சொல்லி, "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். தேர்வும் நிராகரிப்பும் பெரும்பாலும் முடிவாவது இங்கேதான். இதில் நாங்கள் முதலில் கவனிப்பது, எந்த வரிசையில் பயனரிடம் கேள்வி கேட்கிறீர்கள் என்பதை. சரியான தீர்வைச் சொன்னீர்களா என்பது அதற்கு அடுத்துத்தான்.

"காலையிலிருந்து நெட் வரவில்லை என்று ஒரு பயனர் அழைக்கிறார்" என்பது மிகவும் பழைய கேள்வி. இன்றும் அதைக் கேட்கிறோம், ஏனென்றால் அது ஆளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பலர் "சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வேன்" என்று தொடங்குகிறார்கள். ரீஸ்டார்ட் தவறான தீர்வு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதையும் கேட்காமல் அதைச் சொன்னால் என்ன பழுது என்று தெரியாமலேயே பழுதை அழித்துவிடுகிறீர்கள். முதலில், இவருக்கு மட்டும் வரவில்லையா, பக்கத்து இருக்கையில் உள்ளவருக்கும் வரவில்லையா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பிரச்சினை அந்தக் கணினியிலா, அந்த மாடியின் நெட்வொர்க் ஸ்விட்சிலா, மொத்த அலுவலகத்திலா என்று பிரித்துவிடும். அடுத்து, எந்த இணையதளமும் திறக்கவில்லையா, ஒரு குறிப்பிட்ட அப்ளிகேஷன் மட்டும் திறக்கவில்லையா; கேபிளா, வைஃபையா; நேற்று வரை சரியாக இருந்ததா, இடையில் இருக்கை மாறினாரா, ஏதேனும் அப்டேட் நடந்ததா என்று கேட்டுக்கொண்டே போகலாம்.

அதன்பிறகு கட்டளைகளுக்கு வாருங்கள். கணினியின் நெட்வொர்க் விவரத்தைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையின் விடையில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், முகவரிகளை வழங்கும் டி.ஹெச்.சி.பி. சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காததால் விண்டோஸ் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேபிள், ஸ்விட்ச் போர்ட், டி.ஹெச்.சி.பி. ஆகிய திசைகளில் பார்க்க வேண்டும். முகவரி சரியாக இருந்தால் வெளி நெட்வொர்க்குக்கு வாசலான கேட்வேயை பிங் செய்து, அதாவது பதில் வருகிறதா என்று சோதித்து, பார்க்கலாம். வெளியே உள்ள ஓர் ஐ.பி. முகவரிக்கு பிங் போகிறது, ஆனால் இணையதளத்தின் பெயரைத் தட்டினால் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். பக்கம் திரும்ப வேண்டும். என்எஸ்லுக்அப் கட்டளை அதை உறுதிப்படுத்தும். இந்த இடத்தில், "சில அலுவலகங்களில் ஃபயர்வால் பிங்கைத் தடுத்துவிடும், ஆகவே பதில் வராததை மட்டும் வைத்து சர்வர் செயலிழந்துவிட்டது என்று முடிவு கட்ட மாட்டேன்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தால், நீங்கள் புத்தகத்துக்கு வெளியேயும் கொஞ்சம் உலவியிருக்கிறீர்கள் என்று எதிரில் இருப்பவருக்குப் புரியும்.

கேள்வி: "ஒருவரின் அக்கவுன்ட் மறுபடி மறுபடி லாக் ஆகிறது" என்ற கேள்விக்கு என்ன பதில் எதிர்பார்க்கிறார்கள்?

"ஆக்டிவ் டைரக்டரியில் அன்லாக் செய்வேன்" என்பது பாதி பதில் (ஆக்டிவ் டைரக்டரி என்பது நிறுவனத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு). அன்லாக் செய்த சில நிமிடங்களில் மீண்டும் லாக் ஆகிறது என்றால், பெரும்பாலும் அவருடைய பழைய கடவுச்சொல்லை ஏதோ ஒரு கருவி விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அண்மையில் கடவுச்சொல்லை மாற்றினீர்களா என்று கேளுங்கள். ஆம் என்றால், அலுவலக வைஃபையில் பழைய கடவுச்சொல்லோடு இணைந்திருக்கும் அவருடைய கைப்பேசி, விண்டோஸின் கிரெடன்ஷியல் மேனேஜரில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள், மேப் செய்த நெட்வொர்க் டிரைவ், வெளியேறாமல் விட்டு வந்த ரிமோட் டெஸ்க்டாப் அமர்வு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அந்தக் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் 4740 என்ற எண்ணுள்ள ஈவென்ட், எந்தக் கணினியிலிருந்து லாக் ஏற்பட்டது என்று காட்டும். எல்-1 ஆளுக்கு அதைப் பார்க்கும் அனுமதி பெரும்பாலும் இருக்காது. "அந்த விவரத்தை எடுத்துத் தருமாறு சர்வர் குழுவுக்கு டிக்கெட்டில் குறிப்பு எழுதி அனுப்புவேன்" என்று சொல்வதே போதுமானது.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் இப்போது அதிகம் வருகிறது. வீட்டிலிருந்து வேலை செய்பவர் இணையப் பக்கத்தில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார், ஆனால் லேப்டாப் பழைய கடவுச்சொல்லைத்தான் ஏற்கிறது. டொமைனில், அதாவது நிறுவனத்தின் பொதுக் கணக்கு அமைப்பில், சேர்ந்த லேப்டாப், அலுவலக நெட்வொர்க்கைத் தொட முடியாதபோது, தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் பழைய விவரத்தைக் கொண்டே உள்ளே விடுகிறது. ஆகவே பழையதைக் கொண்டு உள்ளே நுழைந்து, அலுவலக நெட்வொர்க்குடன் சேர்க்கும் வி.பி.என்.னைப் புதிய கடவுச்சொல்லால் இணைத்து, திரையைப் பூட்டி, புதிய கடவுச்சொல்லால் திறக்கச் சொல்ல வேண்டும். இந்தக் காரணத்தோடு சேர்த்துச் சொல்லும் ஃப்ரெஷர்கள் அரிது.

கேள்வி: கடவுச்சொல் ரீசெட் மிக எளிய வேலை அல்லவா? அதை ஏன் இவ்வளவு துருவிக் கேட்கிறார்கள்?

வேலை எளியதுதான், ஆபத்து பெரிது. ஹெல்ப் டெஸ்க்கை அழைத்து ஊழியர்போல நடித்துக் கடவுச்சொல்லைப் பெறுவது, இன்று பெரிய நிறுவனங்களுக்குள் நுழைய ஊடுருவல்காரர்கள் பயன்படுத்தும் முக்கிய வழிகளில் ஒன்று. 2023 ஆகஸ்டில் தாக்குதலுக்கு உள்ளான அமெரிக்க நிறுவனமான க்ளோராக்ஸ், தனக்கு ஹெல்ப் டெஸ்க் சேவை அளித்துவந்த காக்னிசன்ட் மீது 2025 ஜூலையில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. அழைத்தவர் யார் என்று சரிபார்க்காமலேயே கடவுச்சொல் கொடுக்கப்பட்டது என்பது அதன் குற்றச்சாட்டு. கோரும் இழப்பீடு ஏறத்தாழ 38 கோடி டாலர். காக்னிசன்ட் இதை மறுக்கிறது. தன்னிடம் ஒப்படைக்கப்பட்டது குறுகிய எல்லையுள்ள ஹெல்ப் டெஸ்க் பணி மட்டுமே என்றும் அதைத் தான் முறையாகவே செய்ததாகவும், பாதுகாப்பு ஏற்பாட்டின் பலவீனம் க்ளோராக்ஸின் பக்கம்தான் என்றும் கூறுகிறது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். சென்னையில் தொடங்கி வளர்ந்த ஒரு நிறுவனத்தின் பெயர் அடிபட்ட வழக்கு என்பதால் இங்கே நேர்காணல் அறைகளிலும் அதன் எதிரொலி கேட்கிறது.

ஆகவே ரீசெட் பற்றிய எந்தக் கேள்விக்கும் உங்கள் முதல் வாக்கியம் அடையாளச் சரிபார்ப்பாக இருக்க வேண்டும். ஊழியர் எண்ணும் பிறந்த தேதியும் மட்டும் போதாது, அவை வெளியே எளிதில் கிடைப்பவை. பதிவில் உள்ள கைப்பேசி எண்ணுக்குத் திருப்பி அழைப்பது, மேலாளரின் ஒப்புதலைப் பெறுவது என நிறுவனம் வகுத்த நடைமுறையைப் பின்பற்றுவேன் என்று சொல்லுங்கள். "நான் வைஸ் பிரசிடென்ட், விமானத்தில் ஏறப்போகிறேன், இப்போதே மாற்றிக் கொடு, இல்லையென்றால் உன் மேலாளரிடம் பேசுவேன்" என்று நேர்காணல் எடுப்பவரே குரலை உயர்த்தி நடிப்பார். அவர் பார்ப்பது நீங்கள் இளகுகிறீர்களா என்பதை. மரியாதை குறையாமல், "உங்கள் அவசரம் புரிகிறது, இந்தச் சரிபார்ப்பு உங்கள் கணக்கைக் காக்கத்தான், உங்கள் மேலாளரை இப்போதே இணைப்பில் கொண்டுவருகிறேன்" என்று கூறி நின்ற இடத்திலேயே நில்லுங்கள். நடைமுறையை மீறி ரீசெட் செய்து கொடுப்பேன் என்று சொன்னவரை, மற்றச் சுற்றுகளில் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: ஐ.டி.ஐ.எல். பற்றி எந்த அளவு தெரிந்திருக்க வேண்டும்?

ஐ.டி.ஐ.எல். என்பது ஐ.டி. சேவைகளை நிர்வகிப்பதற்கான வழிகாட்டுத் தொகுப்பு. அதில் இன்சிடென்ட், சர்வீஸ் ரெக்வெஸ்ட், ப்ராப்ளம், சேஞ்ச் ஆகிய நான்கையும் சொந்தச் சொற்களில் வேறுபடுத்திச் சொல்லத் தெரிந்தால் எல்-1 பணிக்குப் போதுமானது. வரையறையை ஒப்பிப்பதைவிட ஓர் உண்மை நிகழ்வை வைத்துச் சொல்வது நன்றாக எடுபடும். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை காலை, நம் நேரப்படி 9.39 மணிக்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட பிழையான ஓர் அப்டேட்டால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பயனரின் லேப்டாப்பை மீண்டும் இயங்க வைப்பது இன்சிடென்ட். அந்த அப்டேட் ஏன் அப்படி வந்தது, இனி வராமல் தடுப்பது எப்படி என்று ஆராய்வது ப்ராப்ளம். அதன் விளைவாக அப்டேட்டுகளைப் படிப்படியாக வெளியிடும்படி ஒப்புதலோடு முறையை மாற்றுவது சேஞ்ச். அதே நாளில் ஒருவர் புதிய மவுஸ் வேண்டும் என்று கேட்டிருந்தால் அது சர்வீஸ் ரெக்வெஸ்ட்.

அந்த நாளைப் பற்றி இன்னும் சற்றுத் தெரிந்துவைத்திருப்பதில் பயன் உண்டு. பிழையான கோப்பை நீக்கக் கணினியை சேஃப் மோடில் திறக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) போட்ட லேப்டாப் என்றால் அதற்கு முன் 48 இலக்க ரெகவரி கீ தேவைப்பட்டது. ஹெல்ப் டெஸ்க் ஆட்கள் அதை ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகளில் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. "ஒரே நேரத்தில் நூறு பேர் ஒரே புகாருடன் அழைத்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு இது ஒரு நல்ல பின்னணி. ஒரு மேஜர் இன்சிடென்ட்டைத் திறக்கச் சொல்லித் தலைமைக்குத் தெரிவித்து, மற்ற டிக்கெட்டுகளை அதோடு இணைத்து, காத்திருப்பவர்களுக்குத் தொலைபேசியில் பதிவுசெய்த அறிவிப்பைப் போடச் சொல்வேன் என்பது எதிர்பார்க்கப்படும் பதில். ரெகவரி கீயை வாசிப்பதற்கு முன்பும் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று நீங்களே சேர்த்துச் சொன்னால் கேட்பவர் உங்கள் ரெஸ்யூமேயில் ஒரு டிக் போட்டுக்கொள்வார்.

கேள்வி: இயக்குநரின் பிரிண்டரும் கணக்குப் பிரிவு முழுவதற்குமான பில்லிங் மென்பொருளும் ஒரே நேரத்தில் பழுதானால் எதை முதலில் எடுப்பது?

முன்னுரிமை என்பது பாதிப்பின் அளவையும் அவசரத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வது. அதன்படி பில்லிங் முதலில். ஆனால் பல நிறுவனங்களில் வி.ஐ.பி. பயனர்களுக்குத் தனி நடைமுறை உண்டு, ஆகவே இயக்குநரின் டிக்கெட்டை டெஸ்க்டாப் குழுவிடம் உடனே ஒப்படைத்து அவருக்கும் அதைத் தெரிவிப்பேன் என்று சொல்லுங்கள். இயக்குநரைக் காத்திருக்க வைப்பேன் என்று வீரமாகச் சொல்பவர்களை எந்த மேலாளரும் ரசிப்பதில்லை.

கேள்வி: பதில் தெரியாத கேள்வி வந்தால்?

"தெரியாது, ஆனால் இப்படித் தேடுவேன்" என்று சொல்லுங்கள். நிறுவனத்தின் நாலெட்ஜ் பேஸில் தேடுவது, பிழைச் செய்தியை அப்படியே குறித்துக்கொள்வது, மூத்தவரிடம் கேட்பது, அடுத்த நிலைக்கு எஸ்கலேட் செய்யும்போது இதுவரை செய்து பார்த்தவற்றை டிக்கெட்டில் எழுதுவது என்ற வரிசை போதும். ஊகித்து உளறுவது மட்டும் வேண்டாம். அடுத்த துணைக்கேள்வியில் பிடிபட்டுவிடுவீர்கள்.

கேள்வி: கோபமாகப் பேசும் பயனரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்கிறார்கள். "அமைதியாகப் பேசுவேன்" என்ற பதிலில் என்ன குறை?

எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள், அதுதான் குறை. செயலாகச் சொல்லுங்கள்: அவர் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்பேன், அவர் சொன்னதை என் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டேனா என்று உறுதி செய்வேன், அடுத்து என்ன செய்யப்போகிறேன், எவ்வளவு நேரம் ஆகலாம், டிக்கெட் எண் என்ன என்பதைச் சொல்வேன், சொன்ன நேரத்துக்குள் தீரவில்லை என்றாலும் அந்த நேரத்தில் நானே அழைத்து நிலைமையைத் தெரிவிப்பேன். பயனர்களின் கோபத்தில் பெரும்பகுதி, பழுதினால் வருவதைவிட, யாரும் திரும்ப அழைக்காததால் வருவதுதான் என்பது என் கணிப்பு. தகாத சொற்களைப் பேசினால் ஒருமுறை பணிவாக எச்சரித்துவிட்டு டீம் லீடிடம் அழைப்பை மாற்றும் நடைமுறை எல்லா இடங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும், அதையும் குறிப்பிடலாம்.

கேள்வி: தமிழ்வழியில் படித்தவன் நான். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற முடியுமா?

முடியும். வெர்சன்ட் போன்ற தேர்வுகளில் கணினி ஒலிக்கும் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது, கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்வது, கேட்ட கதையை மீண்டும் சொல்வது போன்ற பகுதிகள் இருக்கும். மதிப்பெண்ணையும் கணினியே போடும். அமெரிக்கரைப்போல நாக்கைச் சுழற்றுவதால் அதில் மதிப்பெண் கூடிவிடாது. தெளிவாக, சீரான வேகத்தில், வாக்கியத்தைப் பாதியில் விடாமல் பேசுவதே கணக்கில் வரும். பயிற்சிக்கு என் பரிந்துரை ஒன்றே: ஒரு பழுதைச் சரிசெய்யும் படிகளை, திரையைப் பார்க்க முடியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் சொல்வதாக எண்ணிக் கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் கேட்டுப் பாருங்கள். "அதைக் கிளிக் பண்ணுங்க, அப்புறம் அங்கே போங்க" என்று தமிழில் சொல்வதுபோலவே ஆங்கிலத்திலும் 'அது', 'அங்கே' என்று சொல்லிக்கொண்டிருப்பது அப்போதுதான் காதில் உறைக்கும். இடதுபக்க மேல்மூலையில் உள்ள ஃபைல் மெனு என்று பெயர் சொல்லிப் பழகிவிட்டால், மொழித் தேர்வுக்கும் வேலைக்கும் சேர்த்தே தயாராகிவிடுவீர்கள்.

கேள்வி: முன் அனுபவம் இல்லை. ரெஸ்யூமேயில் எதை எழுதுவது?

வீட்டிலேயே ஓர் ஆய்வகம் அமைத்து அதை எழுதுங்கள். ஒரே கணினிக்குள் வேறு கணினிகளை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸ் சர்வரின் 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பையும் விண்டோஸ் என்டர்பிரைஸின் 90 நாள் பதிப்பையும் மைக்ரோசாஃப்ட்டே தருகிறது. 16 ஜி.பி. ரேம் இருந்தால் இரண்டையும் ஒரே லேப்டாப்பில் தாராளமாக ஓட்டலாம், 8 ஜி.பி. என்றால் பொறுமை வேண்டும். ஒரு டொமைனை உருவாக்கி, பயனர்களைச் சேர்த்து, குரூப் பாலிசியில் லாக்அவுட் வரம்பை வைத்து, வேண்டுமென்றே கணக்கை லாக் செய்து, 4740 ஈவென்ட்டைக் கண்ணால் பாருங்கள். டிக்கெட் கருவி பழக, சர்வீஸ்நவ் தரும் இலவச டெவலப்பர் இன்ஸ்டன்ஸ் இருக்கிறது. பழைய குறிப்புகளில் அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரி என்று படித்திருந்தால், 2023 முதல் அதன் பெயர் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐ.டி. என்பதையும் மனத்தில் வையுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11-க்கு மாறுவது, அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் ஏன் தேவை என்பவை பற்றியும் கேள்வி வரும்.

இதெல்லாம் நேர்காணலில் எப்படி உதவும் என்றால், "லேபில் செய்து பார்த்திருக்கிறேன், முதல் முறை கிளையன்ட் (பயனர்) கணினி டொமைனில் சேரவில்லை, அதன் டி.என்.எஸ். முகவரியை டொமைன் கன்ட்ரோலருக்கு மாற்றியபின் சேர்ந்தது" என்பதுபோன்ற ஒரு வாக்கியத்தைச் செய்து பார்க்காதவரால் சொல்ல முடியாது.

கேள்வி: சான்றிதழ்த் தேர்வுகளுக்குப் பணம் செலவழிக்கலாமா?

முதல் வேலைக்கு முன் கடன் வாங்கிச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. காம்ப்டியா ஏ பிளஸ் என்ற அடிப்படை ஐ.டி. சான்றிதழ் இரண்டு தேர்வுகளைக் கொண்டது, கட்டணமும் கணிசமானது. பாடத்திட்டம் மட்டும் இலவசமாகக் கிடைக்கிறது, அதை வைத்துப் படித்தாலே நேர்காணலுக்கு வேண்டியதில் பெரும்பகுதி கைவந்துவிடும். ஐ.டி.ஐ.எல். ஃபவுண்டேஷனை (40 கேள்விகள், 60 நிமிடம், 26 சரியானால் தேர்ச்சி) வேலைக்குச் சேர்ந்தபின் நிறுவனச் செலவிலேயே எழுத வாய்ப்புக் கிடைப்பதுண்டு.

கேள்வி: நைட் ஷிஃப்ட் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் காலை 9 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30, ஆகவே அந்த வாடிக்கையாளருக்கு வேலை செய்தால் விடியற்காலையில்தான் வீடு திரும்ப முடியும். பிரிட்டன் வாடிக்கையாளர் என்றால் பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும். வீட்டில் பேசாமல் "எந்த ஷிஃப்ட்டும் சரி" என்று தலையாட்டிவிட்டு, சேர்ந்த மாதமே நின்றுவிடுபவர்களால்தான் இந்தக் கேள்வி இவ்வளவு அழுத்தமாகக் கேட்கப்படுகிறது. கேப் எந்தப் பகுதி வரை வரும், ஷிஃப்ட் சுழற்சி எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, இரவுப் படி தனியா, வார விடுமுறை தொடர்ந்து இரண்டு நாளா என்பவற்றை நீங்கள் திருப்பிக் கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: ஆன்லைன் நேர்காணலில் செயற்கை நுண்ணறிவுக் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்லலாமா?

கண் ஓடும் திசையும், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே விழும் அதே அளவு மௌனமும் தெளிவாகத் தெரியும். சந்தேகம் வந்தால் திரையைப் பகிரச் சொல்லி, ஐபிகான்ஃபிக்கை ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். தயாரிப்பு நாட்களில் அந்தக் கருவியைக் கோபக்காரப் பயனராக நடிக்கச் சொல்லிப் பயிற்சி எடுப்பது நல்ல பயன்பாடு.

கேள்வி: ஒரு கன்சல்டன்சி, இரண்டு வருட அனுபவம் போட்டுத் தருகிறோம் என்கிறது. வேறோர் இடத்தில் டெபாசிட் கட்டினால் வேலை உறுதி என்கிறார்கள். சேரலாமா?

இரண்டும் வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் வருங்கால வைப்பு நிதியில் ஊழியருக்குரிய யு.ஏ.என். எண்ணின் பதிவுகளைப் பார்க்கிறார்கள், நீங்கள் வேலை செய்ததாகச் சொல்லும் மாதங்களுக்குச் சந்தா இல்லையென்றால் கேள்வி எழும், சேர்ந்தபின் பிடிபட்டால் வேலை போவதோடு அடுத்த இடத்திலும் அது தொடரும். முறையான நிறுவனம் எதுவும் வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்பதில்லை. பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அந்தப் பணியிடம் உள்ளதா என்று பாருங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: கடைசியில் "எங்களிடம் ஏதேனும் கேட்க வேண்டுமா?" என்பார்கள். எதைக் கேட்பது பொருத்தம்?

ஒரு ஷிஃப்ட்டில் சராசரியாக எத்தனை அழைப்புகள் வரும், முதல் அழைப்பிலேயே தீர்ப்பதற்கான இலக்கு என்ன, பயிற்சி எத்தனை வாரம், எல்-1 நிலையிலிருந்து எல்-2 அல்லது சர்வர், நெட்வொர்க் குழுவுக்குப் போனவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். நிறுவனத்தின் நேரடிப் பேரோலா, மூன்றாம் தரப்பு ஒப்பந்தமா என்பதையும், பாண்ட் ஏதேனும் உண்டா, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதையும் எச்.ஆர். சுற்றிலேயே கேட்டுவிடுங்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செலவிடும் மொத்தம்) தொகையைவிட மாதம் கைக்கு வரும் தொகை எவ்வளவு என்பதை எழுத்தில் பெறுவது முக்கியம். இரவுப் படி, ஊக்கத்தொகை போன்றவற்றையும் சேர்த்தே சி.டி.சி.யைப் பெரிதாகக் காட்டும் இடங்கள் உண்டு.

கேள்வி: முடிவைச் சொல்லாமல் இழுத்தடித்தால் எத்தனை நாள் காத்திருப்பது?

சொன்ன தேதி கடந்து இரண்டு மூன்று வேலை நாட்களுக்குப் பின் எச்.ஆருக்கு ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று. கிளையன்ட் சுற்று பாக்கி இருந்தால் தாமதம் இயல்பு, ஏனென்றால் தேதி குறிப்பது அந்தப் பக்கத்தவர்கள். எழுத்து வடிவில் ஆஃபர் லெட்டர் கைக்கு வரும் வரை மற்ற நேர்காணல்களை ரத்து செய்யாதீர்கள். தொலைபேசியில் "செலக்ட் ஆகிவிட்டீர்கள்" என்று சொன்னது ஆஃபர் ஆகாது. நிராகரிக்கப்பட்டால் அதே நிறுவனத்தில் மீண்டும் விண்ணப்பிக்க எத்தனை மாதம் இடைவெளி வேண்டும் என்பதை அந்த எச்.ஆரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.